மெரித்தம்மாவுக்கு ஒரு சேலை

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடைசியில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்க வேண்டாமா? இன்றைக்கு ஒரு கல்லைப் பற்றிச் சொல்லப்போகிறேன். கல்லில் என்ன கதை என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். இது கப்பலேறி வந்த கல். ஒரு கல்யாணத்தைப் பாதியில் நிறுத்திவைத்து, பிறகு தானே முன்னால் நின்று நடத்திவைத்த கல். கேட்டு முடித்ததும் சந்தோஷமாக எழுந்து போவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

மலாயாவில், மலாக்காவை ஒட்டிய செலண்டார் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். முதல் உலகச் சண்டை முடிந்து பதினைந்து வருஷம் போல ஆகியிருந்த காலம். அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்குகிறவன், அங்கமுத்து. நல்ல உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவன். வந்த வருஷமே அப்பனும் ஆத்தாளும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த சனம்தான் ஒரு வேளை இந்த வீடு, ஒரு வேளை அந்த வீடு என்று சோறு போட்டு அவனை வளர்த்தது. எந்த ஊர், யார் வகையறா, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. அங்கமுத்து என்ற பேர்கூட அப்பன் வைத்ததா, கங்காணி வைத்ததா என்று சொல்ல ஆளில்லை.

மற்றவர்கள் அப்படி இல்லை. வெறும் கையோடு வந்தவர்கள்கூட மடியில் ஒரு சாமியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தர் வீட்டுக்கு மதுரைவீரன், ஒருத்தர் வீட்டுக்கு அங்காளம்மா. வருஷத்துக்கு ஒரு நாள் மரத்தடியில் செங்கல்லை நட்டுப் பொட்டு வைத்துப் பொங்கல் வைப்பார்கள். அன்றைக்கு அங்கமுத்து எல்லார் வீட்டுக்கும் தண்ணீர் சுமப்பான், விறகு பிளப்பான், கடைசியில் எல்லார் பொங்கலிலும் ஒரு வாய் சாப்பிடுவான்.

"எனக்கு எல்லாச் சாமியும் சொந்தம்லா," என்று சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குள் ஒரு சின்ன ஓட்டை இருப்பது அவன் பெண்சாதி காளியம்மாவுக்கு மட்டும் தெரியும்.

அந்த லயத்தில் தண்ணீர்க்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. துணி துவைக்கிற கல். எல்லாப் பெண்களும் அதில்தான் அடித்துத் துவைப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் அடிமண் கரைந்து கல் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தி வைக்கலாம் என்று அங்கமுத்து கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். கல் புரண்டு மல்லாந்தது. சேற்றின்மேல் ஒரு வாளித் தண்ணீரை வீசியடித்தான்.

அடியில் சித்திரம்! வரிவரியாக, நெருக்கமாக. ஒரு பறவை, ஒரு பாம்பு, அலையலையாகத் தண்ணீர், தாமரை, ஒரு கண். நடுவில் கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். ஒரு ஓரம் மட்டும் உடைந்து கரடுமுரடாக இருந்தது.

"ஐயையோ!" என்று கத்தினாள் காளியம்மா, கையில் சோப்பு நுரையோடு. "சாமி முதுகுலயா இம்புட்டு நாளா துணி தொவச்சோம்!"

பெண்கள் எல்லாரும் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மாயாண்டிக்கு எதிலும் விளையாட்டுத்தான். "அதான் ஒங்க வீட்டுத் துணி மட்டும் வெளுக்கவே மாட்டேங்குது. சாமி குத்தம்!" என்றான்.

யாருடைய சாமி இது? ஒவ்வொருத்தரும் குனிந்து பார்த்துவிட்டு, எங்களுடையது இல்லை என்று தலையாட்டினார்கள். அங்கமுத்து மட்டும் அந்த உட்கார்ந்த பெண்ணை வெகுநேரம் பார்த்தான். பிறகு மஞ்சள் தண்ணீரால் கழுவி, ரம்புத்தான் மரத்தடிக்குத் தூக்கிப் போய் நட்டு, அவள் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தான்.

"எல்லாரும் வேணாங்கிறீங்கல்ல? அப்ப இது என் சாமி," என்றான்.

அந்த வருஷம் அவன் வீட்டிலும் பொங்கல் பொங்கியது. அவன் பானைக்கு மாயாண்டி தண்ணீர் சுமந்தான்.

இப்போது கல்யாணக் கதைக்கு வருகிறேன். அங்கமுத்துவுக்கு ஒரே மகள், ஜெயமணி. மலாக்காவில் ஒரு திருவிழாக் கூட்டத்தில் லூபோக் சீனா என்கிற ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். பேர் சேகரன், லோரி ஓட்டுகிறவன். அதற்குப் பிறகு அந்த லோரிக்கு எந்த வேலை இருந்தாலும் செலண்டார் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. "கட்டுனா லோரிக்காரரத்தான். இல்லாட்டி என்னய விட்டுருங்க," என்று ஜெயமணி ஆத்தாளிடம் சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகரனின் தாய் முத்தாயி அதே லோரியில் முன்னால் உட்கார்ந்து, மடியில் தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கினாள். ஒற்றைநாடி உடம்பு, வெண்கலக் குரல். மோரைக் குடித்தாள், பெண்ணைப் பார்த்தாள், பிடித்துப்போயிற்று. தட்டைக் கையில் எடுத்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"எல்லாம் சரிதான் அண்ணே. ஒங்க குலசாமி எது?"

 தெரியாது என்று சொல்ல அங்கமுத்துவுக்கு மனம் வரவில்லை. மரத்தடியைக் காட்டினான். "அந்தா, அதுதான்."

"பேரு?"

"பேரு... கல்லுலயே எழுதியிருக்கு அக்கா."

முத்தாயி எழுந்து மரத்தடிக்குப் போனாள். குந்தி உட்கார்ந்து கல்லைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் புருவம் ஏறியது.

"இந்தா, இது எங்க பேச்சியம்மா மாதிரில்ல உக்காந்திருக்கு?"

ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் ஒரே ரத்தம், பங்காளிகள். அவர்களுக்குள் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதானே.

"பேச்சியா இருந்தா எம் மவனுக்கு ஒம் மவ தங்கச்சி மொற," என்றாள் முத்தாயி. "தங்கச்சிக்குத் தாலி கட்டச் சொல்றியா?"

லோரிப் பக்கத்திலிருந்து "ஆத்தா!" என்று ஓர் அலறல் வந்தது. வீட்டுக்குள் ஒரு லோட்டா உருண்டது.

"கத்தாதடா. எழுத்துதான் இருக்குங்கிறாரே, படிக்க ஆள் பாக்கட்டும். வர்ற ஞாயித்துக்கெழம வருவேன். பேச்சியா இருந்தா தட்டோட திரும்பிருவேன். வேற சாமின்னா அன்னைக்கே தேதி குறிப்போம்."

லோரி போனதும் காளியம்மா கேட்டாள். "தெரியலன்னு சொல்லியிருந்தாத்தான் என்னங்க?"

"சாமியில்லாத வீட்டுல பொண்ணு எடுக்குமா அந்தம்மா? நீ அந்தக் கொரலக் கேட்டல்ல?"

அங்கமுத்து ஒரு காரியம் செய்தான். தன் வெள்ளை வேட்டியைக் கல்லின்மேல் விரித்து இழுத்துக் கட்டி, அடுப்புக்கரியால் தேய்த்தான். பறவையும் பாம்பும் தாமரையும் அப்படியே வேட்டியில் ஏறிக்கொண்டன. அதை ஒரு கம்பில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்த மத்தியானங்களில் படிக்க ஆள் தேடிப் புறப்பட்டான்.

செலண்டார் கடைத்தெருவில் சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம எழுத்து இல்லை, உங்க எழுத்துதான் இது," என்றார். கம்போங்கில், அதாவது மலாய்க் கிராமத்தில், மலாய்ப் பள்ளி ஆசிரியர் மரியாதையாக நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, மலாய் எழுதுகிற ஜாவி எழுத்து இல்லை என்று அனுப்பிவைத்தார். தமிழ் வாத்தியார் வேட்டியைப் பக்கத்துக்குப் பக்கம் திருப்பினார், தலைகீழாகவும் பார்த்தார். "அங்கமுத்து, எனக்குத் தெரிஞ்ச எழுத்துல கோழி கெடையாதுப்பா," என்று மனம்விட்டுச் சிரித்தார். அங்கமுத்துவும் சிரித்தான். ஆனால் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினான். வீட்டில் ஜெயமணி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

வேட்டியை மடித்தால் கரி அழிந்துபோகும். அதனால் காளியம்மா அதைச் செம்மண் சாலை ஓரத்துக் கொடியில் விரித்துப் போட்டாள். மறுநாள் காலை நல்ல காற்று. வேட்டி பாய்மரம் போலப் புடைத்து நின்றது. பறவைகள் எல்லாம் பறக்கிற மாதிரியே இருந்தது.

அந்த வழியாகத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் வந்தது. உள்ளே துரையின் அக்கா. தம்பியைப் பார்க்கச் சீமையிலிருந்து வந்திருந்த அம்மா, பஞ்சு போலத் தலை. லயத்தைத் தாண்டிப் போன மோட்டார் கிரீச்சென்று நின்றது. கதவைத் திறந்து அந்தம்மா ஓடிவந்தாள். தொப்பி ஒரு பக்கம் பறந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே வந்து வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர்.

"இந்தத் தொரசாணி நம்ம வேட்டியப் புடிச்சிக்கிட்டு ஏன் அழுவுது?" என்றாள் காளியம்மா.

மாயாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடி அங்கே மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் ராமையாவை இழுத்து வந்தான். தோட்டத்தில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர் அவர்தான். அவர் வந்து கேட்டுச் சொன்னது இது. சூயஸ் கால்வாய் இருக்கிறதே, கப்பல் போகிற வழி, அங்கே எகிப்து என்று ஒரு நாடு. பழைய ராஜாக்களின் நாடு. அந்தம்மா பல வருஷம் அங்கே தங்கி, கல்லறைச் சுவர்களில் உள்ள சித்திரங்களைப் பார்த்துப் பார்த்து எழுதியவள். வேட்டியில் இருப்பது சித்திரம் இல்லை, அத்தனையும் எழுத்து. முன்பிருந்த துரை அந்த உலகச் சண்டையிலிருந்து திரும்பும்போது அந்த நாட்டுக் கற்கள் சிலவற்றைப் பெட்டியில் கொண்டுவந்தாராம். அவர் சீமைக்குப் போனபோது ஒரு கல் தோட்டக்காரன் கையால் குழாயடிக்கு வந்திருக்கிறது.

"படிப்பாங்களா?" என்றான் அங்கமுத்து. அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"கல்லையே பாத்துப் படிக்கணுமாம். ஞாயித்துக்கெழம வர்றாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில்கூட அவ்வளவு கூட்டம் இருக்காது. முத்தாயி முன்வரிசையில் உட்கார்ந்தாள், தாம்பூலத் தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு. சேகரன் லோரியில் சாய்ந்து நகம் கடித்தான். ஜெயமணி கதவிடுக்கில். அந்தம்மா தரையில் மண்டியிட்டுக் கல்லில் விரலை வைத்தாள்.

"பறவைங்க மூஞ்சி எந்தப் பக்கம் பாக்குதோ, அந்தப் பக்கத்துலருந்து படிக்கணுமாம்," என்றார் ராமையா.

"கோழியப் பாத்துப் பாடம் படிக்கிற ஊரா! அங்க பொறந்திருந்தா நானும் படிச்சிருப்பேன்லா," என்றான் மாயாண்டி.

"வாய மூடுறா. சொல்லுங்க டிரெஸ்ஸரே," என்றாள் முத்தாயி.

அந்தம்மா படிக்கப் படிக்க ராமையா சொல்லிக்கொண்டு வந்தார். "ராஜா குடுக்கிற படையல் இது."

"படையலா!" என்று கூட்டம் நிமிர்ந்தது.

"ஆமா. செத்தவங்களுக்கெல்லாம் தலைவரா ஒரு சாமி இருக்காராம், அவர் கையில குடுக்கிறது. அவர் என்னென்ன தரணும்னா... இந்தத் தாமரை இருக்கே, இது தாமரை இல்ல, ஆயிரம்னு அர்த்தமாம். ஆயிரம் ரொட்டி. ஆயிரம் ஜாடி கள்ளு."

"கள்ளா!" மாயாண்டி துள்ளி எழுந்தான். "இது நம்ம சாமிதான்! இதுக்கு மேல படிக்கவே வேணாம்!"

"ஆயிரம் மாடு, ஆயிரம் பறவ, ஆயிரம் துணி. நல்லது, சுத்தமானது எல்லாத்துலயும் ஆயிரம்."

"யாருக்கு?" என்றாள் முத்தாயி. அவள் விரல் தட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது.

அந்தம்மாவின் விரல் உட்கார்ந்த பெண்ணிடம் வந்தது. ராமையா இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். "வீட்டுக்காரி மெரித்துங்கிற அம்மாவுக்கு. மெரித்துன்னா பிரியமானவன்னு அர்த்தமாம்."

"பேச்சியில்லயே?"

"பேச்சியில்ல. சாமியே இல்ல. நம்மள மாதிரி ஒரு வீட்டுப் பொம்பள. செத்து மூவாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சாம். இது அவ நெனப்புக்கு நட்ட கல்லு."

லோரிப் பக்கத்தில் கிளம்பிய விசில் பாதியில் நின்றது. கூட்டத்துக்குள் ஒரு சலசலப்பு. சமாதிக் கல்லா? கல்லறையில் இருந்ததா? ஒருத்தி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். காளியம்மாவின் முகம் வெளுத்தது.

"பேச்சியில்லன்னு ஒரு நிமிஷம் சந்தோசப்பட்டேன்," என்றாள் முத்தாயி. "முன்னபின்னத் தெரியாத செத்தவ கல்லையா குலசாமின்னு காட்டுன?"

அங்கமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை காலத்துக்குப் பிறகு கிடைத்த ஒரு சாமி, அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. மகள் வாழ்க்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

இந்த அமளி எதுவும் புரியாத அந்தம்மா கடைசி வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். விரல் கல்லின் உடைந்த ஓரத்துக்குப் போய் நின்றது. அவள் நிமிர்ந்து ராமையாவிடம் மெல்ல ஏதோ சொன்னாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றார் ராமையா. "'அவள் பெயரை வாழவைக்கிறவன் அவள் மகன்'னு போட்டிருக்கு. அப்புறம் மகன் பேரு வரணுமாம். கல்லு அந்த எடத்துல ஒடஞ்சிருச்சு. பேரு இல்ல."

அங்கமுத்து எழுந்தான். கல்லருகில் போய் அந்தக் கரடுமுரடான ஓரத்தில் உள்ளங்கையை வைத்தான்.

"அக்கா," என்றான் முத்தாயியைப் பார்த்து. "எங்க குலசாமி எதுன்னு எனக்குத் தெரியாது. அத அன்னைக்கே சொல்லியிருக்கணும். எங்காத்தா மொகம் தெரியாது, பேருகூடத் தெரியாது. எனக்கு ஆத்தா பேரு இல்ல. இந்தம்மாவுக்கு மகன் பேரு இல்ல. இத்தன வருசமா ரொட்டியும் கள்ளும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா, போட ஆளில்ல. அந்த ஒடஞ்ச எடத்துல நான் நின்னுக்கிறேன். நான் போடுறேன். அதுக்கு மேல ஒங்க இஷ்டம்."

ராமையா அதை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கி, நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டார். அந்தம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முத்தாயி தட்டைக் கீழே வைத்தாள். கல்லுக்கு முன்னால் வந்து குந்தினாள். சேலைத் தலைப்பால் அந்த உட்கார்ந்த பெண்ணின்மேல் இருந்த தூசியைத் துடைத்தாள்.

"டிரெஸ்ஸரே, வீட்டுக்காரின்னுதான் எழுதியிருக்கா? நல்லாக் கேளுங்க."

"அப்படித்தான்மா. வீட்டுக்கு எஜமானின்னு."

"அப்ப என்னாத்துக்கு எல்லாரும் பின்னால போறீங்க?" திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து முத்தாயி போட்ட அதட்டலில் குழந்தைகூட அழுகையை நிறுத்தியது. "எங்க மாமியா செத்து எத்தனயோ வருசமாச்சு. வீட்டுல நல்லது நடக்குதுன்னா அவளுக்குச் சேல வச்சிக் கும்புட்டுத்தான் பந்தக்கால் நடுவோம். ஒங்க வீட்டுலயெல்லாம் இல்லயா? செத்த பொம்பளையக் கும்புடாத வீடு எது? முன்னபின்னத் தெரியாதவன்னு நானும் சொல்லிப்புட்டேன். இப்பத்தான் பேரு தெரிஞ்சிபோச்சு, மகனும் வந்துட்டானே."

பிறகு அங்கமுத்துவைப் பார்த்தாள். "என்ன சம்பந்தி, மரம் மாதிரி நிக்கிற? கல்யாணம் வருது, ஆத்தாளுக்குச் சேல எடுத்தியா? வாயவிட்டுக் கேட்டிருக்காளே, துணி வேணும்னு!"

அதற்கு மேல் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல யாராலும் முடியாது. சேகரன் லோரி ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. கதவிடுக்கில் இருந்த ஜெயமணியைக் காணோம். கொல்லைப்புறம் நின்று கோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். முத்தாயியும் காளியம்மாவும் தட்டை மாற்றிக்கொண்டார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியபடி. அந்தம்மா இன்னொன்றும் சொல்லச் சொன்னாள்: படையலுக்கு ஆயிரம் ரொட்டி தேட வேண்டியதில்லை, போகிறவர் வருகிறவர் வாயால் சொன்னாலே அவளுக்குப் போய்ச் சேரும் என்பது அந்த நாட்டு நம்பிக்கையாம். கேட்டதுதான் தாமதம், லயமே சேர்ந்து கத்தியது. "ஆயிரம் ரொட்டி! ஆயிரம் கள்ளு!" கள்ளுக்கு மட்டும் மாயாண்டி தனியாக இரண்டு தடவை கத்தினான்.

கல்லைச் சிங்கப்பூர் காட்சிசாலைக்கு அனுப்பலாமே என்று துரை கேட்டாராம். "அங்கே கண்ணாடிப் பெட்டிதான் இருக்கும், சோறு போட ஆள் இருக்காது," என்று அக்கா சொல்லிவிட்டாளாம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, ரம்புத்தான் மரத்தடியில் படையல். வாழையிலையில் சோறு, கோழிக் குழம்பு, சைக்கிளில் ரொட்டி விற்கிற பாயிடம் வாங்கிய பெரிய ரொட்டிகள். காளியம்மா ஒரே ஒரு கள்ளுப் புட்டிக்குத்தான் சம்மதித்தாள். மாயாண்டி அதற்குக் காவல் இருக்க முன்வந்தான், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டுக்குப் பதிலாக ஒரு குடம் பால். மஞ்சள் சேலையை, சிவப்புக் கரை போட்டது, மலாக்கா டவுனில் முத்தாயியே பார்த்து வாங்கியிருந்தாள். ஜெயமணி அதைக் கொசுவி, கல்லைச் சுற்றிக் கட்டிவிட்டாள். அந்தம்மா ஓரமாக நின்று, அந்த மூவாயிரம் வருஷத்துச் சொற்களை அவர்கள் பாஷையிலேயே ஒரு தடவை சொன்னாள்.

"கூப்புடுங்க," என்றாள் காளியம்மா புருஷனிடம். "பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான வருவாங்க?"

அங்கமுத்து கற்பூரத்தை ஏற்றினான். வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். பிறந்ததிலிருந்து அவன் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஆத்தா," என்றான். "மெரித்தாத்தா. சாப்புட வா. ஒம் பேத்திக்குக் கல்யாணம்."

அவ்வளவுதான், என் செல்லங்களா. உங்கள் வீட்டு உலையில் எப்போதும் ஒரு பிடி அரிசி கூடுதலாகவே வேகட்டும். பசி என்று வந்தவர் வாசலில் நின்று திரும்பாமல் இருக்கட்டும். உங்கள் பெண்களுக்கு மனசுக்குப் பிடித்த இடம் அமையட்டும். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் குழந்தைகளும், அந்தக் குழந்தைகளின் குழந்தைகளும் வீடு நிறைய இருக்கட்டும். போய்ச் சாப்பிடுங்கள், நன்றாக இருங்கள்.